பழைய சட்டைகளில் ஒரு நினைவுப் போர்வை

(மருத்துவமனை ஆதரவாளர்களின் பெண்கள் கூடுகையில், தருமபுரியில் ஆற்றிய உரை)



பழைய டீ-சர்ட்டுகளை வெட்டிப் போர்வை தைப்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் இந்தப் பேச்சுக்கு என்ன இடம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இடம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுப் பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஒரு டீ-சர்ட், வாலிபர் முகாமுக்கு ஒன்று, கல்லூரி விளையாட்டு விழாவுக்கு ஒன்று, ரத்ததான முகாமுக்கு ஒன்று என்று இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு டீ-சர்ட் கொடுத்துவிடுகிறார்கள். திருப்பூர் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடைகளில் பாதிக்குமேல் அங்கிருந்தே போகின்றன. ஆகவே மலிவாகக் கிடைக்கிறது, அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். சட்டைகள் நம்மிடம் தங்கிவிடுகின்றன. சில வீடுகளில் சட்டைக்குரிய பிள்ளை திரும்பி வராத இடத்துக்கே போய்விட்டிருக்கிறது. அந்தச் சட்டைகளைத் தாயால் கட்டவும் முடிவதில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடிவதில்லை. இந்தப் பேச்சு முக்கியமாக அந்தத் தாய்மார்களுக்காகத்தான்.

வேதத்தில் தொற்காள் என்னும் தபீத்தாளின் சம்பவம் உங்களுக்குத் தெரியும். அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யோப்பா பட்டணத்தில் அவள் மரித்தபின் பேதுரு வந்து மேல்வீட்டில் ஏறியபோது, விதவைகள் அவரைச் சூழ்ந்து நின்று காட்டியது எதை? அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த துணிமணிகளை. அவளுடைய குணத்தைப் பற்றி அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை, தையலைக் காட்டி அழுதார்கள். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம், இது ஒரு பெண் எழுதியதுபோல் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றும். துக்க வீட்டில் பெண்கள் துணியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

ஆனால் நம் ஊர்களில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. நோயில் மரித்தவருடைய துணிகளைக் கொளுத்திவிடுவார்கள். இதை மூடத்தனம் என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. பெரியம்மை இருந்த காலத்தில் அது அறிவுள்ள செயலாகவே இருந்தது. பெரியம்மைப் பொருக்கும் சீழும் ஒட்டிய துணி வழியாக நோய் பரவும்; அந்தத் துணிகளை வெளுத்தவர்களுக்கே நோய் கண்டதுண்டு. நம் பாட்டிமார் கண்ணால் கண்டு கற்ற பாடம் அது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி காணப்பட்டது 1975-இல். உலகத்தில் இயற்கையாக வந்த கடைசி நோய் 1977-இல், சோமாலியாவில். நோய் ஒழிந்துவிட்டது, கொளுத்தும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அந்தப் பழக்கம் இன்று காசநோய்க்காரர் வீட்டிலும் எச்.ஐ.வி. கண்டவர் வீட்டிலும் நடக்கிறது. காசநோய் இருமலின் வழியாகக் காற்றில் பரவும் நோய். துணியாலோ, படுக்கையாலோ, தட்டு டம்ளராலோ பரவாது. எச்.ஐ.வி.யும் உடுத்திய துணியால் பரவாது. ரத்தக் கறை பட்ட துணியானால் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துத் துவைத்தால் போதும். சொறி சிரங்குக்கு மட்டும் துணியில் கவனம் வேண்டும். சிரங்கை உண்டாக்கும் பூச்சி மனிதத் தோலை விட்டு இரண்டு மூன்று நாளுக்குமேல் பொதுவாக உயிரோடிருக்காது. ஆகவே வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்தாலும் சரி, துவைக்க முடியாததை ஒரு வாரம் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தாலும் சரி, அதுவே போதும்.

கொளுத்தும்போது நோயும் போவதில்லை, அவமானமும் போவதில்லை. மகன் எந்த நோயில் போனான் என்பதை ஊருக்கு அறிவிக்கும் தீயாக அது ஆகிவிடுகிறது. பிறகு தாயிடம் ஒரு கைக்குட்டைகூட மிஞ்சுவதில்லை.

இதே அவமானம் அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே எய்ட்ஸ் நோயில் மரித்தவர்களை அடக்கம் செய்யச் சில இடங்களில் மறுத்தார்கள்; சில குடும்பங்கள் உடலை வாங்கவே வரவில்லை. அப்பொழுது சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் கிளீவ் ஜோன்ஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து, மரித்த ஒவ்வொருவருக்கும் 3 அடி அகலம் 6 அடி நீளமுள்ள ஒரு துணியைத் தைக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு அது. 1987 அக்டோபர் 11-ஆம் தேதி வாஷிங்டன் நகரத்துப் பெரிய மைதானத்தில் அவற்றை விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 50,000 துணிகள், 1,10,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், 54 டன் எடை. அவற்றில் தைத்திருப்பது பட்டும் ஜரிகையும் அல்ல. மரித்தவர் போட்டிருந்த டீ-சர்ட், ஜீன்ஸ், தொப்பி, சிறு வயதுப் பொம்மை. கல்லறை கிடைக்காதவனுக்குத் தாய் தைத்த துணியே கல்லறைக் கல் ஆயிற்று. நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரின் முயற்சியால். அதன்பின் இந்த வட்டாரத்து நெடுஞ்சாலை ஊர்கள் எத்தனை வாலிபர்களை இழந்தன என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அம்மாமார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஒட்டுப் போர்வை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கலை என்று நினைத்துவிடாதீர்கள். மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கிருந்து போர்வைகள் வந்தது உண்மைதான். அமெரிக்க பாப்டிஸ்டு சபைப் பெண்கள் பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்துக் கட்டுத்துணியாகச் சுருட்டி, போர்வைகளும் தைத்து, 'ஒயிட் கிராஸ்' என்ற பெயரில் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். லுத்தரன் சபைப் பெண்கள் 60 அங்குலத்துக்கு 80 அங்குலம் அளவில் தைக்கும் போர்வைகள் இன்றும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் அகதிகளுக்குப் போகின்றன. இந்தியாவைப் பார்த்திராத, கண் மங்கிய பாட்டிமார் தைத்தவை அவை. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் நமக்கும் இது பழைய வேலைதான். கன்னடத்தில் கவுதி என்பார்கள், தெலுங்கில் பொந்த என்பார்கள். இந்த இரண்டு பாஷையும் பேசுகிற வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. வட கன்னட மாவட்டத்துக் காடுகளில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததியார். அந்தப் பெண்கள் கிழிந்த புடவை, சட்டை, பாவாடை எல்லாவற்றையும் துண்டுகளாக்கி, ஓரத்திலிருந்து தொடங்கி நடுப்பாகம்வரை சுற்றிச் சுற்றி ஓடுதையல் போட்டு வருவார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூப்போல ஒன்று வைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகவே கொள்ளமாட்டார்கள். அவர்களில் கத்தோலிக்கர் சிலுவையையும் இஸ்லாமியர் பிறையையும் ஒட்டுத் துணியில் வைத்துத் தைக்கிறார்கள். 2004-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி டிரூவல் முயற்சியால் அவர்களுக்கு ஒரு கூட்டுறவு அமைப்பும் ஏற்பட்டது.

இதைவிட நமக்குக் கிட்டின உதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல எனக்கு இடங்கொடுங்கள்.

அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கி என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், அவருடைய மனைவி டாக்டர் லலிதா ஆகிய இருவரும் அங்கே போனார்கள். அது திருச்சபை நடத்தும் ஆஸ்பத்திரி அல்ல; பழங்குடியினர் நல முயற்சி என்று சொல்லத்தக்க தனி அமைப்பு. ஆனாலும் மிஷன் ஆஸ்பத்திரிகளின் தொடக்கக் கதையை வாசித்தவர்களுக்கு அது அப்படியே அடையாளம் தெரியும். மண்சுவரும் கூரையுமாக ஒரு குடிசை, அதுதான் ஆஸ்பத்திரி. அப்போது பிறந்த 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது நிரம்பும் முன்னே இறந்துகொண்டிருந்தன. அரூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். சாவு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

அந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். லம்பாடி மக்களின் தண்டாக்களும் உண்டு. லம்பாடிப் பெண்களின் பழைய உடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் துண்டு, சோழி, காசு எல்லாம் வைத்து, நூலை எண்ணி எண்ணிப் போட்ட தையல். சுற்றுமுற்றும் உள்ளவர்களைப் போலப் புடவை கட்டத் தொடங்கியபின் அந்தத் தையலுக்கு வேலையில்லாமல் போயிற்று. இரண்டு தலைமுறை போனால் ஒரு கலை போகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வயதான பெண்கள் ஒருசிலர் கையில் மட்டும் அது மிஞ்சியிருந்தது. டாக்டர் லலிதா அதைக் கவனித்தார். பாட்டிமாரைக் கொண்டு இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார். எதைப் பார்த்துக் கற்றார்கள் தெரியுமா? பெட்டியடியில் கிடந்த பழைய பாவாடைகளைப் பார்த்து. பழைய துணி ஒன்று வீட்டில் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் அந்தத் தையலைத் திரும்ப வாசிக்க முடிந்தது.

அப்படி உண்டான சங்கத்துக்குப் போர்கை என்று பெயர். லம்பாடி மொழியில் பெருமை என்று அர்த்தமாம். ஏறத்தாழ 60 பெண்கள் அதில் தைக்கிறார்கள். பள்ளத்தாக்கிலேயே இயற்கை முறையில் விளைந்த பருத்தியையும் இயற்கைச் சாயத்தையும் பயன்படுத்துகிறார்கள். முன்பு கூலி வேலைக்காகக் குடும்பத்தோடு திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்க்கொண்டிருந்த வீடுகளில், இன்று தாய் வீட்டிலிருந்தபடி சம்பாதிக்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. ஒரு மருத்துவர் ஏன் ஊசியையும் நூலையும் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கர்நாடகத்துச் சண்டூரிலும் இதே லம்பாடித் தையல் உண்டு, 2010-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023 ஜூலையில் ஹம்பியில் நடந்த ஜி-20 கூட்டத்தின்போது, 450-க்கு மேற்பட்ட லம்பாடிப் பெண்கள் செய்த 1,755 ஒட்டுத் துணிகளைக் காட்சிக்கு வைத்து உலக சாதனையாகவும் பதிந்தார்கள். எனக்கு அந்தச் சாதனைப் பத்திரத்தைவிட சிட்லிங்கிப் பாட்டியின் பாவாடைதான் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது நம் சட்டைகளுக்கு வருவோம். தையல் தெரிந்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் முன் ஒரு காரியம். துக்கம் நடந்த வாரத்தில் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். உறவினர் அவசரப்படுத்துவார்கள், அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஒரு வருஷம் போகட்டும். பிறகும், எல்லாச் சட்டைகளையும் வெட்ட வேண்டாம். ஒரு சட்டையைத் துவைக்காமல், வெட்டாமல் அப்படியே எடுத்து வையுங்கள். துவைத்தால் வாசனை போய்விடும். அது போனபின் திரும்பக் கிடைக்காது. வீட்டில் மற்றவர்களையும் கேளுங்கள். தங்கைக்கு எந்தச் சட்டை வேண்டும், நண்பனுக்கு எது வேண்டும் என்று கேட்டுக் கொடுத்தபின் மிஞ்சியதே போர்வைக்கு.

பனியன் துணி நெய்த துணி அல்ல, பின்னிய துணி. ஆகவே இழுத்தால் இழுபடும், வெட்டினால் ஓரம் சுருளும். இதைச் சட்டை செய்யாமல் நேரே தைத்தால் கட்டங்கள் கோணலாகி, போர்வை முறுக்கிக்கொள்ளும். சட்டைக் காலருக்குத் தையற்காரர் வைக்கிறார்களே, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸ், அதில் மிக மெல்லியதைக் கேட்டு வாங்குங்கள். சட்டையின் முன்பக்கத்தை முதலில் 16 அங்குலம் இருக்கும்படி தாராளமாக வெட்டி, பின்புறத்தில் கேன்வாஸை ஒட்டவையுங்கள். அதன்பின்தான் அளவாக வெட்ட வேண்டும். முதலிலேயே அளவாக வெட்டியவர்களுக்கு இஸ்திரி போட்டபோது சதுரம் சதுரமாக இருக்காது. ரப்பர் அச்சு உள்ள பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். எழுத்து உருகிப் பெட்டியோடு வந்துவிடும். ஒரு பருத்தித் துணியை மேலே போட்டுத் தேய்க்கலாம்.

20 சட்டைகள் இருந்தால் ஒரு போர்வை ஆகும். 14 அங்குலச் சதுரமாக வெட்டி, அரை அங்குலம் தையலுக்கு விட்டால், முடிந்த கட்டம் 13 அங்குலம். குறுக்கே 4, நீளத்தில் 5 வைத்தால் 52-க்கு 65 அங்குலம். சிறு பிள்ளைச் சட்டைகளில் 14 அங்குலம் கிடைக்காது. அவற்றை வேறு துணியின்மேல் வைத்து ஒட்டாகத் தையுங்கள். பையையும், பெயர் எழுதிய பட்டையையும் வீணாக்காதீர்கள். மிஷினில் முனை மழுங்கிய ஊசி போட வேண்டும். கூர் ஊசி பின்னலின் நூலை அறுத்து ஓட்டை விழச் செய்யும். கடையில் பனியன் ஊசி என்று கேட்டால் கொடுப்பார்கள்.

அடிப்பக்கத்துக்கு அம்மாவின் பழைய நூல் புடவையைப் போல நல்லது வேறில்லை. புடவையின் அகலம் போதாது. ஆகவே 70 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு எடுத்துப் பக்கவாட்டில் இணைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் முந்தானையில் ஓரப்பட்டி வந்துவிடும். நடுவில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வைத்தால் போதும். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வேண்டியதில்லை. மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளி ஊக்குக் குத்தி, 4 அங்குலத்துக்கு ஒரு இடத்தில் கெட்டி நூலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் வாங்கி இறுக்க முடிச்சுப் போடுங்கள். லுத்தரன் பாட்டிமார் செய்வதும் இந்த முடிச்சுதான். மிஷின் இல்லாத வீட்டிலும் முடியும்.

சட்டையில் கறை இருந்தால்? ரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும், வெந்நீர் அதைத் துணியோடு பிடித்துவைத்துவிடும். சாம்பார்க் கறையானால் போக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். அந்தக் கறைக்காகவே அந்தத் துண்டை நடுவில் வைக்கச் சொன்ன தாய்மார் உண்டு. பின்புறத்தில் ஒரு நாடாத் துணியில் அழியாத மையால் பெயரையும் வருஷத்தையும் எழுதித் தைத்துவிடுங்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் கேட்டுச் சொல்ல நாம் இருக்கமாட்டோம்.

இனி, உங்களில் தாராள மனதுள்ளவர்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். இப்படித் தைத்து ஆஸ்பத்திரி வார்டுக்குக் கொடுக்கலாமா? வேண்டாம், அம்மா. வார்டுத் துணிகளைக் குறைந்தது 71 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிஷம் வெளுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ரப்பர் அச்சும் பனியன் துணியும் அதைத் தாங்காது. தடித்த போர்வை மழைக்காலத்தில் காயவும் காயாது. அதைவிட, நோயாளி இன்னொரு வீட்டுத் துக்கத்தைப் போர்த்திக்கொள்ள வேண்டியதில்லை. வார்டுக்கு உதவுவது துவைத்த வெள்ளை வேட்டியும் நூல் புடவையும்தான். அவற்றைக் கிழித்தால் பிரசவ வார்டுக்கு ஆயிரம் உபயோகம்.

பச்சைக் குழந்தைக்கும் இந்தப் போர்வை வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை குழந்தை படுக்கும் இடத்தில் தளர்ந்த போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது, மூக்கை மூடிவிடும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்குக் குளிர் தாங்கவில்லையானால் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி அணைத்து, மேலே ஒரு துணியைக் கட்டினால் போதும். 1978-இல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை இது. பின்னர் உலகமெங்கும் பரவிற்று. பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது.

அடுத்த கூடுகைக்கு வரும்போது சட்டைகளைத் துவைத்து, கஞ்சி போடாமல் கொண்டுவாருங்கள். முதல் கட்டத்தைச் சேர்ந்து வெட்டுவோம். கத்தரிக்கோலை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். பிள்ளைகள் காகிதம் வெட்டிய கத்தரியாக இருக்க வேண்டாம். அது பனியன் துணியை மெல்லும், வெட்டாது.